காலி செய்ய மறுக்கும் வாடகைதாரர்: பெங்களூரு வீடு குறித்த ஒரு கேள்விக்கு விரிவான பதில்

உங்கள் கேள்வியின் சாரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐ.டி.ஐ. தொலைபேசித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வு பெற்ற உங்கள் தந்தை ராமமூர்த்தி நகரில் கட்டிய வீட்டின் மேல்தளத்தை, அவர் காலமான பிறகு, உங்கள் தாயார் மாதம் 22,000 ரூபாய் வாடகைக்கும் 1,50,000 ரூபாய் அட்வான்சுக்கும் விட்டார். பதினொரு மாத அக்ரிமென்ட் முடிந்து ஓராண்டுக்கு மேலாகியும் புதிதாக எதுவும் எழுதிக்கொள்ளவில்லை. வாடகைதாரர் நான்கு மாதமாக வாடகை தராமல், அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள் என்கிறார். நள்ளிரவு வரை சத்தம், அண்டை வீட்டாரோடு தகராறு என்று புகார்கள் வருகின்றன. காலி செய்யச் சொன்னால், கத்தா என்னும் சொத்து வரிப் பதிவு இன்னும் உங்கள் தந்தை பெயரில்தான் இருக்கிறது, ஆகவே கேட்க உங்களுக்கு உரிமை இல்லை, முடிந்தால் கோர்ட்டுக்குப் போங்கள் என்கிறார். நீங்களும் தாயாரும் இப்போது கோயம்புத்தூரில் இருக்கிறீர்கள். பூட்டை மாற்றி மின்சாரத்தைத் துண்டித்தால் ஒரே வாரத்தில் ஓடிவிடுவார் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். தமிழ்நாட்டில் இருப்பதுபோல் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாமா என்பது உங்கள் யோசனை.

பெங்களூரு சிவில் நீதிமன்றங்களில் இத்தகைய வழக்குகளை நடத்திவரும் வக்கீல் என்ற முறையில் ஒன்றை முதலிலேயே பிரித்துக் காட்ட விரும்புகிறேன். வாடகை உறவை முடிப்பது வேறு. வீட்டைத் திரும்பப் பெறுவது வேறு. முன்னதை உங்கள் தாயார் ஒரு நோட்டீஸின் மூலம் தம் கையாலேயே முடித்துவிடலாம். அதற்கு வாடகைதாரரின் சம்மதமோ கோர்ட்டின் அனுமதியோ வேண்டியதில்லை. பின்னது இரண்டே வழிகளில் நடக்கும்: வாடகைதாரர் தாமாகச் சாவியைக் கொடுக்க வேண்டும், அல்லது கோர்ட் உத்தரவோடு அதை நிறைவேற்றும் ஊழியரான அமீனா வந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது. இந்த வேறுபாட்டைக் குழப்பிக்கொண்டு, நோட்டீஸ் காலம் முடிந்துவிட்டதே, இனி அவர் அத்துமீறி இருப்பவர்தானே என்று பூட்டோடு போய் நிற்பவர்கள்தான் நல்ல வழக்கைக் கெட்ட வழக்காக ஆக்கிக்கொள்கிறார்கள்.

உங்கள் உறவினரின் யோசனை ஏன் ஆகாது என்பதற்குக் காரணம் ஒழுக்கம் மட்டுமன்று. 1963ஆம் ஆண்டின் ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சட்ட நடைமுறையின்றி வெளியேற்றப்பட்ட எவரும் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டுச் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. அந்த வழக்கில் வீடு யாருடையது என்ற கேள்விக்கே இடமில்லை, தீர்ப்பின் மீது அப்பீலும் கிடையாது. உரிமை இல்லாமல் நிலையாகத் தங்கியிருப்பவரைக்கூட உரிமையாளர் சட்டத்தின் வழியாக அன்றி வெளியேற்ற முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1989இல் கிருஷ்ண ராம் மஹாலே வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பூட்டை உடைத்தால் வீட்டுக்குள் இருந்த நகையும் பணமும் காணவில்லை என்று உங்கள் மேல் போலீஸ் புகார் வரும். மின்சாரத்தையோ தண்ணீரையோ நிறுத்தினால், வீட்டில் குழந்தையும் முதியவரும் இருக்கிறார்கள் என்ற மனுவோடு அவர் கோர்ட்டுக்குப் போவார், அன்று நீதிபதியின் முன் தவறு செய்தவராக நிற்பது நீங்களாக இருக்கும். மேலும் மின் இணைப்பு உங்கள் தந்தை பெயரில் இருப்பதால், அவர் கட்டாத பெஸ்காம் (பெங்களூரு மின் விநியோக நிறுவனம்) பில்லும் உங்கள் தலையில்தான் விடியும். அதனால் பில் நிலுவையை மாதந்தோறும் பார்த்துவருவதும், தேவையானால் நீங்களே கட்டிவிட்டு அந்தத் தொகையைப் பாக்கிக் கணக்கில் சேர்ப்பதும் நல்லது.

இனி எந்தச் சட்டம் பொருந்தும் என்பது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டமும் அதன் வாடகை அதிகாரியும் தமிழ்நாட்டுக்குள் இருக்கும் கட்டடங்களுக்கு மட்டுமே. வீடு எங்கே நிற்கிறதோ அந்த மாநிலச் சட்டமே பேசும், உரிமையாளர் எங்கே குடியிருக்கிறார் என்பது கணக்கில்லை. மத்திய அரசு 2021இல் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தை மேற்கோள் காட்டி, காலி செய்யாவிட்டால் இரண்டு மடங்கு வாடகை, பிறகு நான்கு மடங்கு என்று பலர் நோட்டீஸில் எழுதுகிறார்கள். அது மாநிலங்கள் சட்டமியற்றுவதற்கான முன்மாதிரியே தவிர, அப்படியே எடுத்து ஒருவர் மேல் பிரயோகிக்கக் கூடிய சட்டமன்று. கர்நாடக வாடகைச் சட்டம், 1999, பெங்களூரில் மாத வாடகை 3,500 ரூபாயைத் தாண்டிய வீடுகளுக்குப் பொருந்தாது. இன்றைய நிலவரத்தில் அந்தத் தொகைக்கு ஓர் அறைகூடக் கிடைக்காது என்பதால், பழைய குடித்தனங்கள் சிலவற்றைத் தவிர மற்ற எல்லாமே அந்தச் சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. உங்கள் வீடும் அப்படித்தான். ஆகவே உங்களுக்குப் பொருந்துவது 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டமும், வீட்டை மீட்பதற்குச் சாதாரண சிவில் வழக்கும்.

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று இருக்கிறது. வாடகைச் சட்டத்தின் கீழ் வரும் குடித்தனத்தில், காலி செய்யச் சொல்வதற்குச் சட்டம் பட்டியலிட்ட காரணங்களில் ஒன்றை நிரூபிக்க வேண்டும்; சொந்தத் தேவை, வாடகை பாக்கி, தொந்தரவு என்று ஏதாவது ஒன்று. சொத்து மாற்றுச் சட்டத்தின் கீழ், காலம் முடிந்த குடித்தனத்துக்கோ மாதாந்திரக் குடித்தனத்துக்கோ காரணமே தேவையில்லை. சத்தம், தகராறு, குடிப்பழக்கம் என்று நீங்கள் எழுதியிருக்கும் குறைகள் யாவும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அவற்றை நோட்டீஸில் அடுக்கினால் ஒவ்வொன்றையும் அவர் மறுப்பார், ஒவ்வொன்றுக்கும் சாட்சி தேவைப்படும், அண்டை வீட்டார் கோர்ட் படி ஏறத் தயங்குவார்கள், வழக்கு தேவையின்றி நீளும். நோட்டீஸ் உப்புச்சப்பில்லாமல் இருப்பதே நல்லது. கோபத்தையெல்லாம் கொட்டி எழுதப்பட்ட ஆறு பக்க நோட்டீஸைவிட, ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் வறண்ட நோட்டீஸ் கோர்ட்டில் நன்றாக நிற்கும்.

அந்த நோட்டீஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்கள் பதினொரு மாத ஒப்பந்தம் முடிந்த அன்றே, காலம் கழிந்தமையால், அந்தக் குடித்தனம் சொத்து மாற்றுச் சட்டத்தின் 111ஆம் பிரிவின்படி முடிந்துவிட்டது. ஆனால் அதற்குப் பிறகும் நீங்கள் எட்டு மாதமோ பத்து மாதமோ வாடகை வாங்கிக்கொண்டு இருந்ததால், 116ஆம் பிரிவின்படி அது மாதாமாதம் தொடரும் குடித்தனமாகப் புதுப்பிக்கப்பட்டுவிட்டது என்று அவர் வாதிடலாம். வாதிட்டால் அதில் நியாயமும் உண்டு. அதை எதிர்த்து மல்லுக்கட்டாமல், ஆம், மாதாந்திரக் குடித்தனமே என்று ஏற்றுக்கொண்டு, அதை 106ஆம் பிரிவின் கீழ் முடித்துவிடுவதே சுருக்கமான வழி. அந்தப் பிரிவின்படி, வேறு ஏற்பாடு எழுதப்பட்டிராவிட்டால், 15 நாள் நோட்டீஸ் போதும். உங்கள் பழைய அக்ரிமென்ட்டில் இரண்டு மாத நோட்டீஸ் என்று இருந்தால் இரண்டு மாதமே கொடுத்துவிடுங்கள். அந்த நிபந்தனை இப்போது செல்லுமா செல்லாதா என்ற விவாதத்தில் நீங்கள் இழக்கப்போகும் நாள்கள் அந்த இரண்டு மாதத்தைவிட மிகுதி. முன்பெல்லாம் குடித்தன மாதம் எந்தத் தேதியில் முடிகிறதோ அந்தத் தேதியோடு நோட்டீஸும் முடியவில்லை என்பதற்காகவே வழக்குகள் தள்ளுபடியாகும். 2002 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பின், அந்த நாள் கணக்கு சற்றுக் குறைந்திருந்தாலும், முழுக் காலமும் கழிந்த பிறகு வழக்குப் போட்டிருந்தால் நோட்டீஸ் செல்லும்.

நோட்டீஸ் எழுத்தில் இருக்க வேண்டும். தாயாரோ அவர் சார்பில் வக்கீலோ கையெழுத்திட வேண்டும். பதிவுத் தபாலைத் தபால் துறை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டதால், பதிவு வசதியுடன் ஸ்பீட் போஸ்டில், ஒப்புகை அட்டையோடு அனுப்புங்கள். வாட்ஸ்அப்பிலும் மின்னஞ்சலிலும் அதன் நகலைச் சேர்த்தே அனுப்பலாம், ஆனால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். அவர் வாங்க மறுத்துத் தபால் திரும்பி வந்தால் கவலைப்படாதீர்கள். சரியான விலாசத்துக்குத் தபால் தலை ஒட்டிப் பதிவு செய்து அனுப்பப்பட்டது சேர்ந்துவிட்டதாகவே, மாறாக நிரூபிக்கப்படாத வரை, 1897ஆம் ஆண்டுப் பொது ஷரத்துகள் சட்டத்தின் 27ஆம் பிரிவு கருதுகிறது. திரும்பி வந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள். அவர் பதில் நோட்டீஸ் அனுப்பினால் அது உங்களுக்குப் பெரும் பரிசு, ஏனென்பதைக் கீழே சொல்கிறேன்.

வாடகை தராததையே காரணமாக்கி, ஒப்பந்தத்தை மீறியதால் குடித்தனம் பறிபோனது என்று எழுதலாமே என்று தோன்றும். அந்த வழியில் போக வேண்டாம் என்பது என் கருத்து. வாடகை பாக்கிக்காகக் குடித்தனத்தை ரத்து செய்தால், வழக்கு விசாரணைக்கு வரும்போது பாக்கியை வட்டியோடும் செலவுத்தொகையோடும் கட்டிவிட்டு, 114ஆம் பிரிவின் கீழ் குடித்தனத்தைக் காப்பாற்றித் தருமாறு அவர் கேட்கலாம். கோர்ட் அந்தச் சலுகையைத் தருவதும் உண்டு. 106ஆம் பிரிவு நோட்டீஸில் அந்தச் சலுகைக்கு வழியில்லை. வீடுதான் வேண்டும் என்றால் 106. பாக்கி மட்டும் வந்தால் போதும் என்றால் வேறு கதை.

நோட்டீஸ் போன பிறகு அவர் திடீரென்று ஒரு மாத வாடகையைக் கணக்கில் போட்டுவிடுவார். இது பலரும் கையாளும் உத்தி. 113ஆம் பிரிவின்படி, நோட்டீஸ் முடிந்த பிறகும் குடித்தனம் தொடர்கிறது என்று காட்டும் செயல் உங்களிடமிருந்து வந்தால் நோட்டீஸைக் கைவிட்டதாகக் கொள்ளலாம். வெறுமனே பணத்தை வாங்கியதால் மட்டும் கைவிட்டதாக ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சரூப் சிங் குப்தா வழக்கில் கூறியிருந்தாலும், அந்த வாதத்துக்கு இடம் கொடுப்பானேன்? பணம் வந்த அன்றே, இது வாடகையாக ஏற்கப்படவில்லை, முடிந்துபோன குடித்தனத்துக்குப் பின்னும் வீட்டைப் பயன்படுத்தியதற்கான இழப்பீட்டில் வரவு வைக்கப்படுகிறது, நோட்டீஸ் அப்படியே நிற்கிறது என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். மறுபடி மறுபடி புது நோட்டீஸ் அனுப்புவதும் இதே ஆபத்தைத் தரும். பின்னது முன்னதைக் கைவிட்டதாகப் பேசும்.

அவர் சொல்லும் கத்தா வாதத்துக்கு வருவோம். கத்தா என்பது சொத்து வரிக்கான கணக்குப் பதிவு. அது யார் பெயரில் இருக்கிறது என்பதை வைத்து வாடகை உறவை யாரும் அளப்பதில்லை. உங்கள் தாயாரிடம் சாவி வாங்கி, அவர் கையெழுத்திட்ட அக்ரிமென்ட்டின் பேரில் குடிவந்து, அவர் கணக்குக்கு வாடகை அனுப்பியவர், குடியிருந்துகொண்டே அவர் உரிமையாளர் இல்லை என்று சொல்ல சாட்சியச் சட்டம் அனுமதிப்பதில்லை. பழைய சாட்சியச் சட்டத்தின் 116ஆம் பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியமத்திலும் தொடர்கிறது. உங்களோடு பிறந்தவர்களும் வாரிசுகள் என்றால், கூட்டு உரிமையாளர்களில் ஒருவர், மற்றவர்கள் ஆட்சேபிக்காத வரை, எல்லோருக்குமாக வாடகைதாரரை வெளியேற்ற வழக்குப் போடலாம் என்பதும் 1976 முதல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியிருக்கும் கோட்பாடு. கத்தாவை மாற்றிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக நோட்டீஸைத் தள்ளிப்போட வேண்டாம். நீண்ட நாள் இருந்துவிட்டால் வீடே அவருக்குச் சொந்தமாகிவிடுமோ என்ற அச்சமும் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. வாடகைதாரராக வந்தவருடைய சுவாதீனம் உங்கள் அனுமதியால் வந்தது. ஆண்டுகள் ஓடியதால் மட்டும் அது உரிமையாகிவிடாது. குடித்தனம் முடிந்த நாளிலிருந்து வீட்டை மீட்க வழக்குப் போடுவதற்குக் காலவரையறைச் சட்டம் 12 ஆண்டு தருகிறது. அந்தக் கெடு தாண்டும் வரை யாரும் தூங்கக் கூடாது, அவ்வளவுதான். பதினொரு மாதம் என்று எழுதுவதும் இந்த அச்சத்தோடு சம்பந்தமில்லாதது: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் சொல்வதால், பதிவுச் செலவைத் தவிர்க்கப் பிறந்த பழக்கம் அது.

உங்கள் அக்ரிமென்ட் குறைந்த மதிப்புள்ள முத்திரைத்தாளில் எழுதப்பட்டிருக்க வாய்ப்பு மிகுதி. அதை அப்படியே சாட்சியமாகக் கோர்ட்டில் நீட்டினால், கர்நாடக முத்திரைச் சட்டத்தின்படி கோர்ட் அதைப் பிடித்துவைத்து, குறைவான தீர்வையையும் அதன் பத்து மடங்கு அபராதத்தையும் கட்டச் சொல்லும். அது முடியும் வரை வழக்கு நகராது. நான் மேலே பதில் நோட்டீஸ் ஒரு பரிசு என்று சொன்னது இதனால்தான். நான் வாடகைதாரர்தான், இவ்வளவு வாடகை, இவ்வளவு அட்வான்ஸ், நோட்டீஸ் கிடைத்தது என்று அவரே பதிலில் ஒப்புக்கொண்டால், அக்ரிமென்ட்டை நம்பி நிற்க வேண்டிய அவசியமே போய்விடுகிறது. வழக்கில் நிரூபிக்க வேண்டியவை மூன்றுதான்: வாடகை உறவு இருந்தது, வாடகை 3,500 ரூபாய்க்கு மேல், குடித்தனம் முறையாக முடிக்கப்பட்டது. மூன்றும் அவர் வாயாலேயே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 12ஆம் ஆணை 6ஆம் விதியின் கீழ், நீண்ட விசாரணையின்றியே காலி செய்யும் தீர்ப்பைக் கேட்கலாம். பதில் வராவிட்டாலும் வங்கிக் கணக்கில் மாதந்தோறும் வந்த 22,000 ரூபாயும், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்ட வாட்ஸ்அப் செய்திகளும் அதே வேலையைச் செய்யும். அந்தச் செய்திகளைக் காட்ட மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் இணைக்க வேண்டும், அதை உங்கள் வக்கீல் தயாரிப்பார். அந்த உரையாடல் இருக்கும் தொலைபேசியை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.

வழக்கு என்று வந்தால், பெங்களூரில் இத்தகைய காலி செய்யும் வழக்குகள் பெரும்பாலும் ஸ்மால் காஸஸ் கோர்ட்டுக்கு (சிறு வழக்கு நீதிமன்றம்) போகின்றன. கோர்ட் கட்டணம் வீட்டின் சந்தை மதிப்பின் மேல் அன்று, ஓராண்டு வாடகையின் மேல் கணக்கிடப்படுகிறது. உங்களுக்கு அது 2,64,000 ரூபாய் என்ற மதிப்பின் மேல் வரும். அதே வழக்கில் வாடகை பாக்கியையும், குடித்தனம் முடிந்த நாளிலிருந்து காலி செய்யும் நாள் வரை இழப்பீட்டையும் கேளுங்கள். இந்த இழப்பீடு பழைய வாடகைக்குக் கட்டுப்பட்டதன்று. அதே தெருவில் அதே அளவு வீடு இன்று என்ன வாடகைக்குப் போகிறதோ அதைக் கேட்கலாம். தீர்ப்புக்குப் பின் அவர் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தடை வாங்கப் போனால், தடைக்காலத்தில் சந்தை வாடகையைக் கட்ட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கலாம் என உச்ச நீதிமன்றம் 2004 டிசம்பரில் ஆத்மாராம் பிராப்பர்ட்டீஸ் வழக்கில் கூறியது. காலத்தை இழுப்பதில் லாபமில்லை என்று ஒரு வாடகைதாரருக்கு உறைக்க வைப்பது பெரும்பாலும் இந்த இழப்பீட்டுக் கணக்குதான். எதிர்த்து வழக்காடினால் எத்தனை நாள் ஆகும் என்று நேர்மையாக எந்த வக்கீலும் தேதி சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்பு வந்தபின் அதைச் செயல்படுத்தக் கோரும் நிறைவேற்று மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் ராகுல் ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டிருக்கிறது. அந்த வழக்கே பெங்களூரு நிலம் ஒன்றைப் பற்றி எழுந்தது.

நோட்டீஸ் கிடைத்ததும் அவர் முந்திக்கொண்டு, உரிமையாளர் என்னைப் பலவந்தமாக வெளியேற்றப் பார்க்கிறார் என்று தடையுத்தரவு கேட்டு சிட்டி சிவில் கோர்ட்டில் வழக்குப் போடலாம். இது இங்கே நாள்தோறும் நடப்பது. அதற்காக, நோட்டீஸ் அனுப்பும்போதே சிவில் நடைமுறைச் சட்டத்தின் 148ஏ பிரிவின் கீழ் ஒரு கேவியட் (முன்னெச்சரிக்கை மனு) போட்டுவையுங்கள். 90 நாள் செல்லும், உங்களைக் கேட்காமல் உத்தரவு பிறக்காது. அவர் வழக்குப் போட்டாலும் பதற வேண்டியதில்லை. சட்ட நடைமுறையின்படி அன்றி வெளியேற்ற மாட்டோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தால், அந்த வழக்கில் மிச்சம் எதுவும் இருக்காது. அதே வழக்கில் தாம் வாடகைதாரர் என்று அவர் சத்தியப் பிரமாணம் செய்து எழுதியிருப்பது, உங்கள் வழக்குக்கு இன்னொரு ஒப்புதலாகக் கிடைக்கும்.

நீங்கள் கோவையில் இருப்பதால் பவர் பத்திரம் பற்றி ஒரு சொல். தாயார் உங்களுக்குப் பவர் கொடுத்து, நீங்கள் வழக்குப் போடலாம், கையெழுத்திடலாம்; ஆனால் பவர் ஏஜென்ட் தமக்கு நேரடியாகத் தெரிந்ததை மட்டுமே சாட்சியாகச் சொல்ல முடியும், கொடுத்தவருக்கு மட்டும் தெரிந்ததை அவருக்குப் பதிலாகச் சொல்ல முடியாது என்று ஜானகி வாஷ்தேவ் போஜ்வானி வழக்குத் தீர்ப்பு கூறுகிறது. வாடகை பேசியதும் வசூலித்ததும் நீங்களே என்றால் உங்கள் சாட்சியம் போதும். தாயார்தான் எல்லாம் செய்தார் என்றால் அவர் சாட்சி சொல்ல வேண்டி வரலாம். வயதும் உடல்நிலையும் இடம் தராவிட்டால், கமிஷனரை அமர்த்தி அவர் இருக்கும் இடத்திலேயே சாட்சியத்தைப் பதிவு செய்யக் கேட்கலாம். அவர் தமிழில் மட்டுமே பேசுவார் என்பது தடையன்று, மொழிபெயர்த்துப் பதிவு செய்துகொள்வார்கள்.

இவ்வளவும் எழுதியபின், வழக்குக்கு முன் ஒரு முயற்சி செய்துபார்க்கச் சொல்வேன். அது அட்வான்ஸ் பற்றியது. பெங்களூரில் பத்து மாத வாடகையை அட்வான்சாக வாங்கும் வழக்கம் வெகுகாலமாக இருந்தது; இப்போது பல இடங்களில் குறைந்திருந்தாலும், அந்தப் பணம் வீட்டுக்காரரிடம் முழுதாக இருப்பது அபூர்வம். குழந்தையின் கல்லூரிக் கட்டணத்துக்கோ மராமத்துக்கோ போயிருக்கும். வாடகைதாரருக்கோ அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணம் வேண்டும். நீங்கள் சாவி வந்தபின் தருகிறேன் என்கிறீர்கள், அவர் பணம் வந்தபின் சாவி தருகிறேன் என்கிறார். முரண்டு பிடிப்பதாகத் தெரியும் குடித்தனங்களில் பல உண்மையில் இந்த முடிச்சில் சிக்கியவை. உங்கள் வாடகைதாரரும் வாடகையை நிறுத்திவிட்டு அட்வான்சில் கழிக்கச் சொல்வது, அது திரும்பி வராது என்ற சந்தேகத்தாலா, கையில் பணம் இல்லாததாலா, அல்லது வெறும் அடாவடியாலா என்பதை யாராவது ஒருவர், நீங்கள் அல்லாதவர், நிதானமாகப் பேசி அறிய வேண்டும். நான்கு மாதப் பாக்கி 88,000 போக உங்களிடம் அவருடைய 62,000 இருக்கிறது. இன்னும் மூன்று மாதம் போனால் உங்கள் கையில் பிடிமானமாக ஒன்றும் இராது. அதற்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பதோடு, பேரமும் அதற்குள் நடக்க வேண்டும்.

பேரம் எப்படி இருக்கலாம் என்றால்: புது வீட்டை அவர் பார்த்துச் சொன்னதும், மீதித் தொகையில் ஒரு பங்கை அந்த வீட்டு உரிமையாளரின் கணக்குக்கே நேரடியாக அனுப்புவது, மிச்சத்தைச் சாவி வாங்கும் நாளன்று, மீட்டர் அளவைப் பார்த்து, அங்கேயே வங்கிப் பரிமாற்றம் செய்வது. பாக்கியில் ஒரு மாதத்தை விட்டுக்கொடுத்தாலும் எனக்கு அதில் தவறு தெரியவில்லை. வக்கீல் கட்டணமும் வருகிற மாதங்களின் வாடகை இழப்பும் அதைவிடப் பெரியவை. ஆனால் வாய்ப்பேச்சோடு விட்டுவிடக் கூடாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்தில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து, லோக் அதாலத்தில் இந்தச் சமரசத்தைப் பதிவு செய்யலாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி அந்த உத்தரவு சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதன் மீது அப்பீல் இல்லை. சொன்ன தேதியில் அவர் போகாவிட்டால் புதிதாக வழக்குப் போடாமல் நேரே நிறைவேற்று மனுவுக்குப் போய்விடலாம். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வாங்கும் உறுதிமொழிக்கு இந்த வலிமை இல்லை.

போலீஸ் ஸ்டேஷனைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டைக் காலி செய்து கொடுப்பது போலீஸின் அதிகாரத்தில் இல்லை. போனால் சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்புவார்கள், அது சரியும்கூட. மிரட்டல், அடிதடி என்றால் மட்டும், நடந்த அன்றே, அந்தச் சம்பவத்தைப் பற்றி மட்டும் புகார் கொடுங்கள். வாடகைக்காக அவர் கொடுத்த செக் திரும்பியிருந்தால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பணம் கட்ட 15 நாள், அதன் பிறகு ஒரு மாதத்துக்குள் செக் மோசடிக்கான மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வழக்கு என்ற கணக்குத் தனியாக ஓடும். அதைத் தவறவிட்டால் அந்தக் கதவு ஏறத்தாழ மூடிக்கொள்ளும்.

கீழ்த்தளத்தையும் ஒருவருக்கு லீசுக்கு விட்டிருப்பதாகக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். மாத வாடகையின்றி லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு விடுவதைத்தான் பெங்களூரில் லீஸ் என்றும் போக்கியம் என்றும் சொல்கிறார்கள் என்பதால், அதற்கு மேலே சொன்னது அப்படியே பொருந்தாது. அந்தப் பத்திரத்தை ஒரு வக்கீல் படித்துப் பார்த்து, அது குத்தகையா, அனுபவ அடமானமா என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். அடமானமாக எழுதப்பட்டிருந்தால் அதை முடிப்பது நோட்டீஸால் அன்று, பணத்தைத் திருப்பிக் கொடுத்து மீட்பதால்தான். எதுவானாலும், மொத்தத் தொகை கையில் இல்லாமல் அங்கே பேச்சைத் தொடங்க வேண்டாம்.

மேல்தளத்தின் சாவி கைக்கு வரும் நாளில், குடித்தனத்தை முடித்து வீட்டை ஒப்படைத்துவிட்டேன் என்று வாடகைதாரர் தேதியோடு எழுதிக் கையெழுத்திட்ட தாளை வாங்குங்கள். அறை அறையாகப் படம் எடுங்கள். வண்ணம் பூச ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கம் என்றாலும், அக்ரிமென்ட்டில் எழுதியிருந்தால்தான் அது உரிமை. புழங்கியதால் ஏற்படும் சாதாரணத் தேய்மானத்துக்குத் தனியாகப் பிடிக்க முடியாது. அவர் பொருள்களை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் காணாமல் போனால், பூட்டைத் தொடாமல் வழக்கைத் தொடருங்கள். கோர்ட் கமிஷனர் முன்னிலையில் திறந்து பட்டியலிட்டால்தான் பிறகு பழி வராது. பாக்கி வாடகைக்காக அவர் போன பிறகும் வழக்குப் போட, ஒவ்வொரு மாத வாடகையும் செலுத்த வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டு இருக்கிறது. அட்வான்சில் ஈடாகாமல் நிற்கும் தொகை ஒரு மாத வாடகைக்குள் என்றால் அதைத் துரத்த வேண்டாம் என்றே உங்கள் தாயாருக்குச் சொல்வேன். அதற்கு மேல் என்றால் அவருடைய புது விலாசத்தையும் வேலை பார்க்கும் இடத்தையும் சாவி வாங்கும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.